மூச்சு வாங்காத குரல்

லியோனோரின் வாய் நிறைய சோபாய்பியா இருந்தது. பூசணி கலந்த மாவைத் தட்டிப் பொரித்த அந்த வட்ட ரொட்டியை மழை நாளில் பள்ளிச் சமையற்கட்டில் சுடச்சுடப் போட்டுக் கொடுப்பார்கள். நாலு வயசுப் பிள்ளை, ஆசையில் முழுசாகத் திணித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, மூக்கால் மூச்சு விட்டபடி மென்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் மேசைமேல் இருந்த டேப்லெட்டில் பென்குவின் மூன்று படி ஏறியது.

யாஸ்னா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டும், பழக்கதோஷம், கையைத் தட்டினாள்.

"பிராவோ, லியோ!"

பென்குவின் ஏணியில் நின்றபடி இறக்கையை அடித்துக்கொண்டது. லியோனோர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக இல்லை என்று தலையாட்டினாள்.

குரல் கேட்டால்தான் அந்தப் பென்குவின் ஏறும். அதுவும் யார் குரல் வேண்டுமானாலும் போதாது. மார்ச் மாதம் பள்ளி திறந்ததுமே ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் அந்தச் செயலியில் பதிந்து வைத்தாயிற்று. லியோனோர் பெயரைத் தொட்டுத் திறந்தால் லியோனோர் குரலுக்கு மட்டும்தான் அது அசையும். வெளியே நாய் குரைத்தாலும், ஆசிரியைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கத்தினாலும், தகரக் கூரையை மழை போட்டு அடித்தாலும் பென்குவின் மரம் மாதிரி நிற்கும். தென்கோடித் தீவில் இருக்கிற அங்குது என்ற அந்த ஊரில் மழைக்குப் பஞ்சமே இல்லை என்பதால் யாஸ்னா அதை எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

"மழையாத்தான் இருக்கும்," என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மகளின் தாளில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள். அதுதான் அவளுடைய தொழிலின் முதல் பாடம். பேச்சு வராத பிள்ளைக்கு எந்தச் சத்தம் வந்தாலும் உடனே கைதட்ட வேண்டும், உடனே பரிசு தர வேண்டும், சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பது பிள்ளைக்குப் பதிய வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவள் கை அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு தாமதமான பிள்ளைகள்தான். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை. அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தர அந்த வட்டாரத்துக்கே யாஸ்னா ஒருத்திதான். சொந்த ரத்தத்துக்குச் சிகிச்சை பார்க்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். வேறு ஆளைத் தேடினால் படகேறிக் கடலைத் தாண்ட வேண்டும். கடைசியில் தலைமையாசிரியை நெல்தா ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். "இங்க நீ அவளுக்கு அம்மா இல்ல, அத்தை. மத்த பிள்ளைங்க எல்லாம் அத்தைன்னு கூப்பிடும்போது இவ மட்டும் அம்மான்னா மனசு ஏங்கிப் போகும்." அந்தப் பள்ளியில் கால் வைத்த பெண்கள் எல்லாருமே அத்தைதான். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, ஒருவருக்கொருவரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யாஸ்னாவும் மகளை மடியில் வைத்து அதைச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுக்கும்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தை என்றும் அந்தப் பிள்ளை சொன்னதில்லை, அம்மா என்றும் சொன்னதில்லை. தண்ணி, பூன, தா, போ, இன்னும். நாலு வருடத்தில் மொத்தம் அந்த ஐந்து சொற்கள்தான். ராத்திரி பகல் பார்க்காமல் போராடி வாங்கிய ஐந்து சொற்கள்.

*

அங்கே ஜூன் மாதம் குளிர்காலம், ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டிவிடும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் போன பிறகு, பக்கத்து வகுப்பில் லியோனோரைப் படம் வரைய உட்கார வைத்துவிட்டு யாஸ்னா தன் அறைக்குத் திரும்பினாள். ஒரு காலத்தில் விறகு அடுக்கி வைத்த அறை அது, ஜன்னல் கிடையாது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நாலு சுவரிலும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். எத்தனை தடவை கழுவித் துடைத்தாலும் ஈர விறகின் புளித்த வாடை பலகைக்குள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும், கூரைத் தகரம் குளிரில் சுருங்கும்போது தலைக்கு மேலே யாரோ விரல் சொடுக்குகிற மாதிரி அவ்வப்போது ஒரு சத்தம் வரும், மழை வலுத்தால் விளக்கு மங்கி மறுபடி எரியும். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை.

அன்றைய கணக்கைத் திறந்தாள். லியோனோர் கொடுத்த குரல்: அறுபத்தொன்று.

அவள் கைப்பட எழுதி வைத்த தாளில் இருந்தது ஒன்பது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். முதலில் லியோனோரின் சின்னக் கரகரப்பான 'தா'. அப்புறம் மழை. அப்புறம் மழைக்கு அடியில் ஒரு 'ஆ'. குரல் மகளுடையதுதான், சந்தேகமே இல்லை, தாய்க்காரிக்குத் தெரியாதா? அதே மூக்கடைப்பு, அதே லேசான கீறல். ஆனால் அந்த 'ஆ' நின்றபாடில்லை. நீண்டுகொண்டே போனது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

யாஸ்னா திரையில் ஓடிய விநாடிகளைப் பார்த்தாள். நாலு வயசுப் பிள்ளை ஒரே மூச்சில் 'ஆ' என்று இழுத்தால் ஆறு விநாடி நிற்கும். கெட்டிக்காரப் பிள்ளை எட்டு வரை போகும். இது அவள் தினமும் கடிகாரம் வைத்து அளக்கிற விஷயம்.

நாற்பத்து மூன்று.

அவளே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கண்ணை மூடி, 'ஆ' என்று பிடித்துப் பார்த்தாள். பதினேழாவது விநாடியில் தொண்டை நடுங்கியது, பத்தொன்பதில் மூச்சு முட்டி நின்றது. மறுபடி பதிவைப் போட்டாள். நாற்பத்து மூன்று விநாடி முடிந்ததும் அவள் குரலே காதில் விழுந்தது, உற்சாகமாக: "பிராவோ, லியோ!" கைதட்டல். அதற்குப் பின்னால், ரொட்டியால் வாய் அடைத்து, சிரிக்காமல் தலையாட்டிய பிள்ளையின் சிரிப்பு.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, விளக்கைக்கூட அணைக்காமல் பக்கத்து அறைக்கு ஓடினாள். லியோனோர் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஏணி. பென்குவின் இல்லாத வெறும் ஏணி.

*

"அடியே யாஸ்னா, உன் பொண்ணோட கணக்கப் பாத்தியா? சும்மா குதிச்சுக் குதிச்சு ஏறுது. நீ என்னடான்னா சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி உக்காந்திருக்க!"

மறுநாள் புதன்கிழமை, கையில் மாத்தே இலைத் தேநீர்க் குவளையோடு வந்து நின்ற நெல்தாவிடம் யாஸ்னா ஹெட்போனை நீட்டினாள். நெல்தா கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண் கலங்கியது.

"கணீர்னு இருக்கும்மா."

"அத்தை நெல்தா, எவ்ளோ நேரம் இழுக்குதுன்னு பாருங்க."

"நாலஞ்ச ஒண்ணா ஒட்டிப் போட்டிருக்கும். மெஷின்தானே? போன வருஷம் என் பல்லுக்கு எடுத்த எக்ஸ்ரேல ரெண்டு நாக்கு தெரிஞ்சுது. டாக்டர் எம்மூஞ்சியப் பாத்து, உங்களுக்கு ஒண்ணே அதிகம்னு சொல்லிட்டுப் போயிட்டான்." நெல்தா தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு, யாஸ்னா சிரிக்காததைப் பார்த்ததும் அவள் தோளைத் தட்டினாள். "நாலு வருஷமா காத்திருந்த. கெடச்சா நம்ப முடியல, அவ்ளோதான். போ, போயி வேலையப் பாரு."

அன்றைய பயிற்சியில் பென்குவின் நிற்கவே இல்லை. லியோனோர் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முட்டை அட்டைகளுக்குப் பின்னாலிருந்து, சுவருக்குள் யாரோ படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, ஏதோ முணுமுணுப்பு கேட்டது. கேட்டதா, பிரமையா? யாஸ்னாவின் கை தானாக எழுந்தது. பாதியில் நிறுத்தினாள். நிறுத்துவதற்குள் ஒரு தடவை தட்டிவிட்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில், அடுப்படியில், லியோனோர் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். குழாயைக் காட்டினாள். யாஸ்னா வழக்கம்போல டம்ளரைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன வேணும் கண்ணு? த..."

லியோனோர் வாயைத் திறந்தாள். நாக்கு சரியான இடத்தில் போய் ஒட்டியது, உதடு சரியாகப் பிரிந்தது. ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. மறுபடி முயன்றாள். முகம் சிவந்தது. யாஸ்னா டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பூனையைத் தூக்கிக் காட்டினாள். ரொட்டியைக் காட்டினாள், கதவைக் காட்டினாள். பூன இல்லை. தா இல்லை. போ இல்லை. ஐந்தும் போயிருந்தன.

அன்றைக்கு அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. தூண்மேல் நிற்கிற மர வீடு அது. பூனை நடந்தாலே பலகை முனகும். ஆனால் அடுப்பில் விறகு வைக்கக் குனிந்திருந்தவளின் இடுப்பை ஒரு சின்னக் கை தொட்டபோதுதான் மகள் பின்னால் வந்து நிற்பதே தெரிந்தது. நடந்து வந்த சத்தம் இல்லை. யாஸ்னா அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் கழுத்தில் சூடாக வழிந்தது. விசும்பலுக்குத் தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

*

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கிறது, சளிதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அனுப்பி வைத்தார்கள்.

மதியம் ஹெரிபெர்த்தோ போன் செய்தான். அவள் கணவன். கடலுக்குள் சால்மன் மீன் வளர்க்கிற மிதவைகளில் வேலை. பதினாலு நாள் அங்கேயே கிடப்பான், ஏழு நாள் வீட்டுக்கு வருவான்.

"அடிப்பாவி! இவ்ளோ நாளா எங்கிட்ட மறைச்சுட்டியே!"

"என்னத்த மறைச்சேன்?"

"லியோ பேசுனத அனுப்பியிருக்கியே! 'அப்பா, இங்க மழை பெய்யுது, நீங்க எப்ப வருவீங்க'ன்னு... எவ்ளோ தெளிவா! பசங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். அந்த எருமை மாடு ஒலேகாரியோ இருக்கானே, மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டே நின்னு அழுதுட்டான்."

அந்த நாளின் நல்ல சொல்லைச் செயலியே பெற்றோரின் போனுக்கு அனுப்பிவிடும். மார்ச் மாதம் யாஸ்னாதான் அந்த வசதியைப் போட்டு வைத்தாள், மகளின் ஐந்து சொற்களாவது அவன் காதில் விழட்டுமே என்று.

"ஹெரி, நான் சொல்றதக் கேளு. அவ பேசல."

"காதால கேட்டேங்குறேன்."

"இருந்த அஞ்சு வார்த்தையும் போச்சு. எங்கூட வந்து உக்காந்து பாரு. வாயத் தொறக்கிறா, ஒண்ணுமே வரல."

அப்புறம் அவன் குரல் மாறியிருந்தது.

"ஏன் யாஸ்னா இப்பிடிப் பண்ற? பதினாலு நாளா தண்ணி நடுவுல கெடக்குறேன். எனக்கு வீடுன்னா இந்தக் காதுல கேக்குறதுதான். அதையும் ஏன் புடுங்குற?"

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறியா?"

"நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடறேன். வந்து எம்பொண்ணுகிட்ட நானே பேசிக்கிறேன்."

வைத்துவிட்டான்.

அவள் போனைக் கையில் வைத்தபடியே நின்றாள். டேப்லெட்டை மூடிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம். ஆனால் மகளின் ஐந்து சொற்களும் அதற்குள் இருக்கின்றனவே? பூட்டிவிட்டால் அவற்றையும் சேர்த்துத்தானே பூட்டுவது? மகள் காலமெல்லாம் இப்படியே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாளா? யோசித்து யோசித்து, கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்குத்தான் வந்து சேர்ந்தாள். கைதட்டல்தான் அதை வளர்த்தது. கைதட்டலை நிறுத்தினால் வாட வேண்டும். பரிசு கிடைக்காத பழக்கம் செத்துப்போகும். அதுவும் அவள் படித்த பாடம்தான். முதலில் அடம் கூடும். கத்தும், கெஞ்சும், மிரட்டும். திரும்பிப் பார்க்காமல் தாங்கிக்கொண்டால் அடங்கிவிடும்.

*

வெள்ளிக்கிழமை நாலரை மணி. மழையோடு காற்றும் சேர்ந்துவிட்டதால் மற்ற பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். நெல்தாவும் வேனில் போய்விட்டாள். யாஸ்னா விறகு அறைக் கதவைச் சாத்தினாள். லியோனோர் பெயரைத் தொட்டாள். டேப்லெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகளை மடியில் எடுத்துக்கொண்டாள். கைகளை மகளின் வயிற்றைச் சுற்றிக் கோத்துக்கொண்டாள், தானாக எழாமல் இருக்க.

கொஞ்ச நேரம் மழை மட்டும்.

"தண்ணி," என்றது.

இப்போது அது சுவருக்குள் இல்லை. மேசைப் பக்கம் இருந்தது.

"பூன. தா. போ. இன்னும்."

யாஸ்னா அசையவில்லை. லியோனோரின் விரல்கள் அவள் மணிக்கட்டில் நகம் பதிய இறுகின. பின்னால் பென்குவின் படி ஏறும் டிங் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. அந்தக் குரல் வாக்கியங்களாகப் பேசத் தொடங்கியது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் பாடுகிற பாட்டைப் பாடியது, ஒரு சொல் பிசகாமல். லியோனோரால் பாட முடியாமல் ஓரமாக நின்று கைதட்ட மட்டும் செய்கிற அதே பாட்டு. பிறகு கத்தியது. தரையில் காலை உதைத்துக் கத்துகிற பிள்ளையின் கத்தல். மூச்சே வாங்காமல் கத்தியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

அடம். இது அடம்தான். தாங்கிக்கொள்.

கத்தல் நின்றது.

விளக்கு மங்கியது. எரிந்தது. ஈர விறகின் வாடை கூடிக்கொண்டே வந்தது, யாரோ புது விறகுக் கட்டை இறக்கி வைத்த மாதிரி.

டேப்லெட் மேசையில்தான் இருந்தது. குரல் மேசையிலிருந்து இறங்கியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால். ரொம்பப் பக்கத்தில். ஒரு நாலு வயசுப் பிள்ளை நிற்கிற உயரத்தில்.

"அம்மா."

அந்த அறையில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அந்தப் பள்ளியிலேயே அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. யாஸ்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். மடியில் இருந்த மகளின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மா."

இது அவள் இல்லை. இது என் பிள்ளை இல்லை. என் பிள்ளை இதோ என் மடியில் இருக்கிறாள்.

"அம்மா... என்னைப் பாரும்மா."

கடைசியில் ஒரு சின்ன விக்கல். அழுது ஓய்ந்த பிள்ளைக்கு வருமே, அந்த விக்கல். நாலு வருடமாக ஒவ்வொரு காலையும் அவள் காத்துக் கிடந்த அந்த ஒற்றைச் சொல், அதே குரலில், அதே மூக்கடைப்போடு. அவள் மூளை வேண்டாம் வேண்டாம் என்று கதறிக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் திறந்துவிட்டது.

"என்ன கண்ணு?"

டிங். டிங். டிங். பென்குவின் ஏணியின் உச்சிக்குப் போய்விட்டது.

மடியில் லியோனோர் விறைத்துப்போனாள்.

"என்ன கண்ணு?" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ கேட்டார்கள். யாஸ்னாவின் குரலில். அதே கொஞ்சல், அதே நடுக்கம்.

கைதட்டல் கேட்டது. சின்னக் கைகள்.

"பிராவோ, யாஸ்னா!"

*

எப்படி வெளியே வந்தாள், எப்படி டேப்லெட்டைப் பையில் திணித்தாள் என்று தெரியாது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சாய்ந்தடிக்கும் மழையில் கரையோரமாக ஓடினாள். படகுத் துறையின் முனைக்குப் போய், டேப்லெட்டைப் பையிலிருந்து உருவி, கை வலிக்க வீசினாள். கறுத்த தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது. அலை இரைச்சலில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

போயிருச்சு கண்ணு, பாத்தியா, போயிருச்சு.

சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். உதடு அசைந்தது, நெஞ்சு அசைந்தது. மறுபடி சொன்னாள். கத்தினாள். தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளின் தொண்டையில் கை வைத்துப் பார்த்தவளுக்கு அங்கே என்ன அதிர வேண்டும் என்று தெரியும். ஒன்றும் அதிரவில்லை.

லியோனோர் தன் ஈரக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். ஆறுதல் சொல்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தபோது ஊரெங்கும் கரண்ட் போயிருந்தது. வாசல் கதவைத் திறந்து நடையில் கால் வைத்ததும் அப்படியே நின்றாள். நடையின் மறுகோடியில் அடுப்படி. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அடுப்புக் கணப்பின் மங்கிய சிவப்பு. அந்த இருட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா இன்னும் வரலியேம்மா?"

"வந்துடுவாருடா தங்கம். ஆறு மணிப் படகு."

மகளின் குரல். அவளுடைய குரல்.

ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. எங்கே ஓடுவது? ஆறு மணிக்கு அவன் வருவான். ஊரில் எல்லாரையும் போல அவனும் பின்பக்கமாக, நேரே அடுப்படிக்குள்தான் வருவான். அவனைத் தடுக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நடையில் அடி அடியாக நகர்ந்தாள். அவர்கள் காலடியில் ஒரு பலகைகூட முனகவில்லை.

பாதி தூரம். பின்கதவு திறந்தது. காற்று. பூட்ஸ் சத்தம்.

"ஐயோ, என்ன இருட்டு! யாஸ்னா? லியோ?"

"அப்பா!"

பை கீழே விழுந்தது. ஹெரிபெர்த்தோ சிரித்தான், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. "எங்கண்ணே... எங்க இருக்க? இன்னொரு தடவ சொல்லு... இன்னொரு தடவ சொல்லு!"

"அப்பா அப்பா அப்பா."

"பாத்தியா ஹெரி," என்றது யாஸ்னாவின் குரல், "நான்தான் தப்பா சொல்லிட்டேன். இரு, மெழுகுவத்தி மேசைலதான் இருக்கு."

யாஸ்னா ஓடினாள். மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். கதவுக்கு வந்தாள். அதே நொடியில் அவன் தீக்குச்சியைக் கிழித்தான்.

"அப்பா, கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க."

அவன் திரும்பினான். தீக்குச்சி வெளிச்சத்தில் அவன் பார்த்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட, தாடை கழன்று விழுகிற அளவுக்கு வாயை அகலத் திறந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் அவனை நோக்கிக் கை நீட்டுகிற ஒரு பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி வாயைத் திறந்த ஒரு சின்னப் பிள்ளை.

அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அவன் கண்ணில் அவள் அதைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததால்தான் அவன் அவ்வளவு பயந்தான்.

யாஸ்னா அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அலறிக்கொண்டு அவளை மார்பில் கை வைத்துத் தள்ளினான். மகள்மேல் விழுந்தாள். தீக்குச்சி அணைந்தது.

"கதவச் சாத்துங்கப்பா! சாத்துங்க!"

அவன் கதவை அறைந்து சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் எழுந்து கதவை அடித்தாள். இரண்டு முஷ்டியாலும் அடித்தாள். லியோனோரும் அடித்தாள். நகம் பெயர்ந்தது, கையில் ரத்தம் வந்தது. கதவு அதிரவில்லை. சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

"ஒண்ணும் இல்ல ஹெரி, ஒண்ணும் இல்ல," என்று உள்ளே அவள் குரல் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தது. "நாங்க இங்கதானே இருக்கோம்."

கதவின் அடியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டான். கோட்டின் நடுவே அவன் பூட்ஸ் இரண்டின் நிழல், நடுங்கிக்கொண்டு.

அவன் அலறவில்லை. வெளிச்சத்தில் அங்கே எதைப் பார்த்தானோ, அலறவில்லை. "வா," என்றான், தழுதழுத்த குரலில். "எங்கிட்ட வா."

பலகைமேல் தடதடவென்று ஓடி வருகிற சத்தம் கேட்டது. சின்னப் பாதங்கள் இரண்டின் நிழல் அந்த மஞ்சள் கோட்டுக்குள் வந்து, அவன் பூட்ஸின் மேல் ஏறி நின்றது.